அறிவினாவும் அரங்க மொழியும்: பல்கலைக்கழக மாணவர் அணிகளின் தொலைக்காட்சி வினாடி வினா – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள ராஜா அண்ணாமலைபுரம், சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) பெயரைத் தாங்கிய பகுதியாகும். திரைப்படங்கள் உருவான சத்யா ஸ்டுடியோவின் வளாகம் இங்கே மகளிர் கல்லூரியாக மாறியது. இப்பகுதியின் எம்.ஆர்.சி. நகரில் சன் தொலைக்காட்சிக் குழுமத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. பல்கலைக்கழகப் புரவலரின் பெயரும் கல்லூரியும் தொலைக்காட்சியும் ஓரிடத்தில் கூடியுள்ள நிலை ஒரு வினாவை எழுப்புகிறது. மாணவர் அணிகள் திரையில் எதிரெதிரே அமர்ந்து மோதும் வினாடி வினா, இந்தியாவில் ஏன் பெரும்பாலும் ஆங்கிலத்தின் உடைமையாகவே நிலைபெற்றது? இத்தகைய போட்டியின் நியாயம், முதல் வினா தொடுக்கப்படும் முன்பே, யார் நுழையலாம், எம்மொழியில் விடை கூறலாம், எவ்வறிவு வினாவாகலாம் என்னும் விதிகளில் முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

நன்னூல் கூறும் அறிவினா

பவணந்தியார் நன்னூலில் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்துகிறார். இவற்றுள் அறிவினா என்பது, விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது. அறியா வினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆய்வுக்கு மூலம் அறியா வினா. வினாடி வினாவின் மூலமோ அறிவினா. கேட்பவர் கையில் விடை முன்னரே இருப்பதால், அவர் எந்நூலகத்தில் பயின்றார் என்பதே போட்டியாளர் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பெயரும் இங்கு நோக்கத்தக்கது. மரபுக் கணக்கில் ஒரு நாழிகை 60 விநாடி; ஒரு விநாடி இன்றைய 24 நொடிகள். ‘வினாடி வினா’ என்னும் ஒலிநயமிக்க தொடர் விரைவையே இப்போட்டியின் இலக்கணமாக்கியது. விரைவு சோதிக்கப்படும் களத்தில் மொழி வெறும் ஊடகமாக நிற்பதில்லை. தாய்மொழியில் சிந்தித்து வேற்றுமொழியில் விடை கூறுபவர் இழக்கும் நொடிகளே வெற்றி தோல்வியைப் பிரிக்கக்கூடும்.

களத்தின் தோற்றம்

பல்கலைக்கழக அணிகள் மோதும் வடிவம் அமெரிக்காவில் உருவானது. ‘காலேஜ் பவுல்’ 1953இல் என்.பி.சி. வானொலியில் தொடங்கி, 1959இல் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தது. தனிமனிதருக்குப் பெரும்பணம் வழங்கிய வினாடி வினா நிகழ்ச்சிகளில், விடைகள் முன்கூட்டியே தரப்பட்ட மோசடி அம்பலமான காலம் அது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் அதே 1959இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். பரிசு கல்வி உதவித்தொகையாக நிறுவனத்தைச் சென்றடைந்த அணிப்போட்டியோ மதிப்புக் குன்றாமல் தொடர்ந்தது.

அவ்வடிவத்தைத் தழுவிப் பிரிட்டனின் கிரனாடா நிறுவனம் 1962இல் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாம்பர் கேஸ்காயின் நடத்திய அந்நிகழ்ச்சி 1987இல் நின்று, 1994இல் பி.பி.சி.யில் ஜெரமி பாக்ஸ்மன் நடத்த மீண்டும் எழுந்தது. அணிக்கு நால்வர். 10 மதிப்பெண் கொண்ட தொடக்க வினாவுக்குத் தனியொருவர் கலந்து பேசாமல் விடையளிக்க வேண்டும். அதில் வென்ற அணி, தலா 5 மதிப்பெண் கொண்ட மூன்று துணை வினாக்களுக்குக் கூடிப் பேசி விடையளிக்கலாம். தனித்திறனும் கூட்டுச் சிந்தனையும் மாறி மாறிச் சோதிக்கப்படுவது இவ்வடிவத்தின் சிறப்பாகும்.

மான்செஸ்டர் உணர்த்தியவை

அறிவுப் போட்டியின் நடுநிலையை மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சார்ந்த இரு நிகழ்வுகள் ஆராயத் தூண்டுகின்றன. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கல்லூரிதோறும் தனித்தனி அணிகளை அனுப்ப, ஏனைய பல்கலைக்கழகங்கள் ஓரணியாக மட்டுமே பங்கேற்கும் விதியை எதிர்த்து, 1975இல் மான்செஸ்டர் அணியினர் வினா எதுவாயினும் மார்க்ஸ், டிராட்ஸ்கி, லெனின், சே குவேரா என்னும் பெயர்களையே விடையாகக் கூறினர். விடையறியாமையால் அன்று, வினாக் களத்தின் அமைப்பையே வினாவுக்குள்ளாக்க அவர்கள் அவ்வாறு செய்தனர்.

இரண்டாம் நிகழ்வு 2009ஆம் ஆண்டின் இறுதிப்போட்டி. ஆக்ஸ்போர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி 275–190 என்னும் கணக்கில் மான்செஸ்டரை வென்றது. வென்ற அணியில் ஒருவர் போட்டித் தொடர் முடியுமுன்பே மாணவர் நிலையை இழந்திருந்தது பின்னர்த் தெரியவந்ததால், அவ்வணி தகுதி நீக்கப்பட்டுப் பட்டம் மான்செஸ்டருக்கு வழங்கப்பட்டது. திரையில் வெளிப்பட்ட அறிவில் மாற்றமில்லை; முடிவை மாற்றியது ‘யார் மாணவர்’ என்னும் வரையறை. நுழைவு விதியே இறுதி விடையாக அமையலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்தியத் திரையில்

இந்தியாவில் முறையான பொது வினாடி வினா, 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்தியதிலிருந்து கணக்கிடப்படுகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக்குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் ஆங்கிலத்தில் ஒளிபரப்பாகியது. மறு ஆண்டு சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ கல்லூரி அணிகளை நாடறியச் செய்தது. அவரே நடத்திய ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ இந்தியப் பதிப்பு 2003இல் பி.பி.சி. வேர்ல்ட் அலைவரிசையில் தொடங்கியது. பல மொழி மாநிலங்களின் மாணவர்க்கும் பொதுவாய் அமையத்தக்க மொழி என ஆங்கிலம் தேர்ந்துகொள்ளப்பட்டதில் நடைமுறை நியாயம் உண்டு. ஆயினும் அத்தேர்வு, தமிழ்வழி பயின்ற மாணவரைப் பார்வையாளர் வரிசையில் அமர்த்தியது.

தமிழ்த் திரையில் வினாடி வினா வேறொரு வடிவில் பெருவழக்குற்றது. சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொடங்கிவைத்த ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ ஆகியவை தனிமனிதர் பணம் வெல்லும் போட்டிகள். இவை தமிழில் வினாத் தொடுக்க இயலும் என்பதை ஐயமற நிறுவின. ஆனால், அங்கே வெல்பவர் தனியொருவர். கல்வி நிறுவனம் அன்று. இரு அணிகள் எதிரெதிரே அமரும் இடத்தைத் தமிழ்த் திரையில் பட்டிமன்றம் நிரப்பியது. மணிமேகலை சுட்டும் பட்டிமண்டபத்தின் பெயர்வழி வந்த இவ்வரங்கம், சாலமன் பாப்பையா போன்ற கல்லூரிப் பேராசிரியர்களால் பண்டிகைநாள் நிகழ்ச்சியாயிற்று. பட்டிமன்றம் சொல்வன்மையை வளர்க்கும். ஆனால், விடை சரியா தவறா என உடனடியாகச் சரிபார்க்கும் ஒழுங்கு அதன் இயல்பன்று. அதனால் தமிழ் சொல்வன்மைக்குரிய மொழி, ஆங்கிலம் தகவலறிவுக்குரிய மொழி என்னும் பிரிவினை திரையில் வலுப்பெற்றது எனலாம்.

இசைமேடை தந்த பாடம்

இப்பிரிவினை புதிதன்று. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடு, மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கோரியது. இசைக்கு மொழி தடையாகாது, மொழியைக் காட்டித் தரத்தைத் தாழ்த்தலாகாது என்பது எதிர்த்தோர் வாதம். அறிவுக்கு மொழியில்லை என இன்று கூறப்படுவதும் அவ்வாதத்தின் மறுவடிவமே. அண்ணாமலைச் செட்டியார் தரப்பு வாதத்தோடு நின்றுவிடவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் நூல்களாக வெளியிட்டது. பாடக் கிடைக்கும் பாடல் இல்லை என்னும் சாக்குக்கு அந்நூல்களே மறுமொழியாயின.

வினாடி வினாவுக்கும் அத்தகைய அடித்தளம் தமிழில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954–1968 காலத்தில் 10 தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியங்களும் விடையைச் சரிபார்க்கத்தக்க மூலங்கள். அறிவியலும் வரலாறும் அவற்றுள் தமிழில் உள்ளன. கல்வெட்டு, நீர்ப்பாசனம், கடல்வணிகம் குறித்த வட்டார அறிவும் அவற்றின்வழி வினாவாகலாம்.

இதன் பயன் திரையோடு முடிவதன்று. இந்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத 1979 முதல் வழியிருப்பினும், முதல்நிலைத் தேர்வின் கொள்குறி வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. விரிவாக எழுதத் தமிழ் ஏற்கப்பட, விரைந்து விடை தேர ஏற்கப்படாத இந்நிலை, திரையில் கண்ட பிரிவினையோடு ஒத்திருக்கிறது.

முடிவுரை

மான்செஸ்டர் நிகழ்வுகள் அணியின் தகுதி விதிகளை வெளிப்படுத்தின. இந்தியத் திரை வரலாறு மொழியும் ஒரு தகுதி விதியாகச் செயற்படுவதைக் காட்டுகிறது. முன்னது எழுதப்பட்ட விதியாதலால் எதிர்க்கவும் திருத்தவும் இயன்றது. பின்னது எழுதப்படாத விதி. எனவே அது கண்ணுக்குப் புலப்படாமலே நீடிக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் அணிகள் நிறுவனத்தின் பெயரால் மோதும் நிலையான களம் ஒன்று அமையுமாயின், அதற்கு முதற்பணி அரங்க அமைப்பன்று. பல துறை ஆசிரியர்கள் கூடிச் சரிபார்த்த தமிழ் வினாத் தொகுப்பே. அறிவினாவைத் தொடுப்பவர் எம்மூலங்களில் பயின்றார் என்பதை மாற்றாமல், அதற்கு விடையளிப்போரின் நிலையை மாற்ற இயலாது.