கொல்லிமலைச் சிறுதானியத் தொழில்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், எடப்புளி நாடு முதலான மலைநாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்தனர். சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்கு உடனே காசு கொடுத்ததால் சிறுதானியப் பரப்பு வேகமாகச் சுருங்கியது.

1990களில் இங்கு பணியைத் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதைப் பாதுகாப்போடு நில்லாமல் சந்தையையும் தேடியது. உண்மையான முட்டுக்கட்டை உரலும் உலக்கையும்தான். சாமையின் உமியை நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. வீட்டுக்கே அரிசியாக்கித் தீராதபோது விற்பனைக்கு ஏது? ஊர்களில் அரவை எந்திரங்கள் அமைந்து, சுய உதவிக் குழுக்கள் அவற்றை ஏற்று நடத்திய பிறகே சாமை அரிசியும் ரவையும் கேழ்வரகு மாவும் பொட்டலங்களாக மலையிறங்கின.

முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பதில் விளம்பரத்தைவிடக் கல் நீக்கிய சுத்தமும் சீரான எடையும் முக்கியம். நகரத்தார் பலருக்குச் சாமையைச் சமைக்கும் பக்குவம் மறந்துபோயிருந்ததால், செய்முறையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, இக்குழுக்களின் பெண்கள் ஏற்கெனவே இத்தொழிலில் பல ஆண்டு அனுபவம் பெற்றிருந்தனர்.