திருகோணமலைத் துறைமுகமும் உலோகப் பொருத்துக்கலையும்

வரலாறு என்றதும் அரசரையும் போரையும் நினைத்தல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. திருகோணமலையின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. கோணேசர் கோயிலின் அழிவு, போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் என ஆதிக்கம் கைமாறிய வரிசை ஆகியனவே அதில் முதன்மை பெறுவன. ஆயின் ஒரு துறைமுகத்திற் கப்பல் மிதப்பதற்குக் கடற்படைத் தலைவர் மட்டும் காரணரல்லர். ஓர் உலோகத் துண்டை மற்றொன்றோடு நீர் புகாவண்ணம் பொருத்திய கைவினைஞரும் காரணராவர். அவர்தம் பெயர்களை எந்த ஆவணமும் சுமக்கவில்லை. அவர்கள் கற்ற பாடங்கள் மட்டும் பட்டறை விதிகளாக எஞ்சியுள்ளன.

வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகளில் யன்னற் கம்பி, இழுவைப்பெட்டி, படகின் நங்கூரம் முதலியவற்றைச் செய்வோர் இவ்விதிகளை வாய்மொழியாகவே பெறுகின்றனர். “ஈரக்கோலைப் பற்றவைக்காதே”, “வெடிப்பின் நுனியில் துளையிடு”, “வெற்றுப் பீப்பாவை நம்பாதே” என்பன போன்றவை அவை. விதி கைமாறுகிறது, காரணம் கைமாறுவதில்லை. காரணமறியாத விதி அவசரத்தில் முதலில் மீறப்படும். அம்மீறலுக்கு விலை கண்ணும் நுரையீரலும் சிலவேளை உயிருமாகும். எனவே ஒரு துறைமுகத்தின் கதையினூடே அக்காரணங்களைத் தேடுதல் வெறும் பழம்பெருமை பேசுதலாகாது.

வார்ப்பும் உலையும்

1950ஆம் ஆண்டிற் கோணேசர் கோயிலுக்கு அண்மையிற் கிணறு வெட்டியபோது சோழர் கலைமரபைச் சார்ந்த வெண்கலத் திருவுருவங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. சமய வரலாற்றுக்கும் கலை வரலாற்றுக்கும் அவை அளிக்கும் சான்று பலரால் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. உலோகத் தொழிலின் நோக்கில் அவை கூறும் செய்தி வேறு. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையிற் பொருத்து என்பதே இல்லை. உடல் முழுதும் ஒரே வார்ப்பு. அம்முறையின் முதல் நியதி, மண்கருவை ஈரம் அறச் சுட்டெடுத்தலாகும். ஈரம் எஞ்சியிருப்பின் உருகிய உலோகம் பட்ட கணத்தில் அது நீராவியாகிக் கருவைப் பிளக்கும், வார்ப்பவனையும் சுடும்.

இரும்பு அவ்வாறு எளிதில் உருகி வழிவதன்று. ஆகவே கொல்லன் அதனை வெண்ணிறமாகும்வரை உலையிற் காய்ச்சி, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினான். காய்ந்த இரும்பின்மேற் படியும் ஒட்சைட்டுச் செதிளே இவ்விணைப்பின் பகை. மணலையோ வெண்காரத்தையோ தூவினால் அச்செதிள் உருகிக் கழிவாகும். முனைகளைச் சற்றுக் குவிவாக அமைத்து நடுவிலிருந்து வெளிநோக்கி அடித்தால் அக்கழிவு பிதுங்கி வெளியேறும். ஓரத்திலிருந்து உள்நோக்கி அடித்தால் உள்ளேயே சிறைப்படும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாரம் ஏற்றும் நாளிலேதான் வேற்றுமை தெரியும். தூய மேற்பரப்பு, கழிவு வெளியேற வழி, ஈரமின்மை ஆகிய மூன்றும் அன்று உலைக்களத்தின் இலக்கணம். இன்று மின்வில்லின் இலக்கணமும் அவையே.

செம்பும் இரும்பும்

1782ஆம் ஆண்டு திருகோணமலை இருமுறை கைமாறியது. சனவரியிற் பிரித்தானியர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓகஸ்ட் இறுதியிற் பிரான்சியத் தளபதி சுஃப்ரென் அதனைப் பிரித்தானியரிடமிருந்து பெற்றார். செப்தெம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே சுஃப்ரெனும் எட்வேட் ஹியூசும் பொருதனர். இப்போரைப் பற்றிய நூல்கள் காற்றின் திசையையும் பீரங்கிகளின் தொகையையும் விரிவாகப் பேசும். அதே காலத்திற் கப்பலின் அடிப்புறத்தில் நிகழ்ந்துகொண்டிருந்த மற்றொரு போரும் அறியத்தக்கது.

வெப்பக் கடல்களிற் புழுக்கள் மரத்தைத் துளைக்கும். பாசியும் சிப்பியும் படிந்து வேகத்தைக் குறைக்கும். இதற்கு மாற்றாகக் கப்பலடிக்குச் செப்புத்தகடு போர்த்தும் முறையைப் பிரித்தானியக் கடற்படை 1761இல் ‘அலாம்’ என்னும் கப்பலிற் பரீட்சித்தது. புழுவும் பாசியும் ஒழிந்தன. ஆயின் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துப் போயின. உப்புநீரில் இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒரு மின்கலம் உருவாகிறது. அதில் வீரியமிக்க உலோகம் கரைகின்றது. தகடும் இரும்பும் தொடாதவாறு இடையே காகிதம் வைத்த இடங்களில் ஆணிகள் பிழைத்தன என்பதும் அப்பரீட்சையில் அறியப்பட்டது. இவ்வறிவைப் புறக்கணித்தமையாற் பல கப்பல்களின் ஆணிகள் கண்ணுக்குத் தெரியாமல் நலிந்தன. ஈற்றில் 1780களில் இரும்பாணிகளுக்குப் பதிலாகச் செப்புக் கலப்புலோக ஆணிகள் இடம்பெற்றன. 1824இல் ஹம்பிறி டேவி என்னும் அறிஞர் நாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்து, அதனைப் பலியாக்கிச் செம்பைக் காக்கும் வழியை ஆராய்ந்தார்.

1817இற் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற் சிற்பிகள் தேக்கினாற் கட்டி முடித்த போர்க்கப்பலுக்கு ‘திருகோணமலை’ என்றே பெயரிடப்பட்டது. இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதக்கின்றது. இந்நகரின் பெயர் கடல்கடந்து நிலைத்தமைக்கு மரத்தின் உறுதியோடு ஆணியின் தேர்வும் காரணமாகும்.

வீட்டுப்பட்டறையாளனுக்கு இதிலுள்ள பாடம் வெளிப்படை. உருக்குச் சட்டத்திற் பித்தளை ஆணியை முடுக்கிக் கடலில் இறக்கினால் ஆணி பிழைக்கும். அதைச் சுற்றியுள்ள உருக்கு அழியும். இரண்டுக்குமிடையே மின் கடத்தாத வளையம் இடுதல் வேண்டும். அல்லது படகின் அடியில் நாகக்கட்டி ஒன்றைப் பூட்டி, அது தேயத்தேய மாற்றுதல் வேண்டும். துரு பிடிக்காத உருக்கு என்று விலைகொடுத்து வாங்கிய ஆணியும் இவ்விதிக்கு விலக்கன்று.

தறையாணியிலிருந்து மின்வில்லுக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கப்பலுடல் இரும்பாகவும் பின்னர் உருக்காகவும் மாறியபோது தறையாணி முதன்மை பெற்றது. செக்கச்சிவந்த ஆணியைத் துளையிற் செலுத்தி, ஒருவன் ஒருபுறம் தாங்க, மற்றொருவன் மறுபுறம் அடித்துத் தலையாக்குவான். ஆறும்போது ஆணி சுருங்கி இரு தகடுகளையும் இறுகக் கவ்வும். இது தனியொருவனின் தொழிலன்று. காய்ச்சுவோன், தாங்குவோன், அடிப்போன் என ஒரு குழுவின் தொழில். குலவழியாக வந்த உலைக்களத்துக்கும் பதவிவரிசை கொண்ட கப்பற்பட்டறைக்கும் இடையிலுள்ள சமூக வேற்றுமை இங்கு நோக்கத்தக்கது. முன்னையதில் மகன் தந்தையிடம் கற்றான். பின்னையதிற் பயிலுநன் மேலாளனிடம் கற்றான்.

1880களில் ருசியாவிற் பெர்நாடொஸ், சிலாவ்யனொவ் ஆகியோர் மின்வில்லைக்கொண்டு உலோகத்தை உருக்கி இணைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் செல்பெரி மின்வாய்க் கோலுக்குப் பூச்சிட்டார். அப்பூச்சி எரிந்து வாயுவாகி, உருகிய உலோகத்தை வளியினின்றும் காக்கின்றது. கொல்லன் தூவிய வெண்காரத்தின் வேலையையே அது செய்கின்றது எனலாம். 1920இல் இங்கிலாந்தில் ‘புலகர்’ என்னும் கப்பல் தறையாணியின்றி முழுதும் காய்ச்சி இணைக்கப்பட்டு வெள்ளோட்டம் கண்டது.

புதுமுறை புதிய ஆபத்தையும் கொணர்ந்தது. 1943 சனவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் போட்லண்ட் துறையில் அமைதியான நீரில் நின்ற ‘செனக்டடி’ என்னும் எண்ணெய்க்கப்பல் திடீரென ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. தறையாணியிட்ட கப்பலில் ஒரு தகட்டில் எழும் வெடிப்பு அத்தகட்டின் விளிம்போடு நிற்கும். காய்ச்சி இணைத்த கப்பலிலோ உடல் முழுதும் ஒன்றாதலால் வெடிப்புக்கு எல்லையில்லை. குறைபாடுள்ள உருக்கு, குளிர், கூரிய மூலைகள், செம்மையற்ற இணைப்பு ஆகியன கூடியே இத்தகைய பிளவுகளை விளைவித்தன. திருகோணமலைக் கடலுக்கு அக்குளிர் இல்லை. கூரிய மூலைகளோ எங்கும் உண்டு. வெடித்த சட்டத்தைத் திருத்துவோன் வெடிப்பின் இரு நுனிகளிலும் முதலில் துளையிடுவதும், மூலைகளை வளைவாக வெட்டுவதும் இதனாலேயே. ஈரக்கோலை விலக்குவதன் காரணமும் இவ்விடத்தே விளங்கும். கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பூச்சு மின்வில்லில் ஐதரசனை விடுவிக்கும். அது இணைப்பினுட் புகுந்து நுண்துளைகளையும் சில மணிநேரங் கழித்து வெடிப்புகளையும் தோற்றுவிக்கும். கோல்களை மூடிய கலத்தில் வெப்பமாக வைத்தல் துறைமுக நகரத்தில் இன்றியமையாதது.

வரிசை பிறழ்ந்த நாள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பம்பாயிற் கட்டப்பட்ட மாபெரும் மிதக்குந்துறை ஒன்று திருகோணமலையில் நிறுத்தப்பட்டது. 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் ‘வேலியன்ட்’ என்னும் போர்க்கப்பலை அது தூக்கியது. கப்பலில் வெடிப்பொருள்கள் முழுமையாக ஏற்றப்பட்டிருந்தன. பாரம் எவ்விடத்தில் எவ்வளவு என்பதற்கு இசையாத வரிசையில் நீர்த்தொட்டிகள் வெறுமையாக்கப்பட்டமையால், மிதக்குந்துறையின் முதுகு முறிந்து அது மூழ்கியது. கப்பலின் சுழலிகளும் சுக்கானும் சேதமுற்றன. பகைவனின் குண்டு எதுவும் அங்கு விழவில்லை; வேலையின் வரிசை பிழைத்தமையே கேட்டுக்குக் காரணம்.

சிறு பட்டறையில் வெப்பமும் பாரத்தைப் போன்றதே. ஒரு சட்டத்தின் ஒரு பக்கத்தை முழுதாக இணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பினால், ஆறும் உலோகம் சுருங்கிச் சட்டத்தையே கோணலாக்கும். முதலில் நான்கு மூலைகளையும் பொட்டிட்டு நிறுத்தி, மட்டம் பார்த்து, எதிரெதிர்ப் பக்கங்களை மாறிமாறிச் சிறிது சிறிதாக இணைத்தலே முறை. வார்ப்பிரும்பாயின் முன்னரே சூடாக்கி, முடிந்தபின் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடல் வேண்டும்.

எண்ணெய்த் தாங்கிகளின் எச்சரிக்கை

பிரித்தானியக் கடற்படைக்காக இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானியர் நிகழ்த்திய தாக்குதலில் விமானமொன்று தாங்கியொன்றின் மீது வீழ, அது நாட்கணக்கில் எரிந்தது. உருக்கு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். ஆயின் 600 பாகையளவிலேயே அதன் வலிமையில் ஏறக்குறையப் பாதி அழிந்துவிடும். பாரந்தாங்கும் உறுப்பைப் பாரம் இறக்காமற் சூடாக்கலாகாது என்பது இதன் பொருள்.

எண்ணெய் நிறைந்த தாங்கியினும் எண்ணெய் வடிந்த கலம் கொடியது. திரவம் எரிவதற்கு வளி வேண்டும். வெற்றுக் கலத்திலோ ஆவியும் வளியும் கலந்தே இருக்கின்றன. ஒரு பொறி போதும். எரிபொருட் பீப்பாவை வெட்டவோ இணைக்கவோ நேரின், அதனைச் சுடுநீராற் பன்முறை கழுவி, வாயைத் திறந்து, வேலைசெய்யும் இடத்தின் கீழ்வரை நீரால் நிரப்பிய பின்னரே நெருப்பை அணுக்குதல் வேண்டும். முகர்ந்து பார்த்து மணமில்லை என முடிவுசெய்தல் அறிவாகாது.

நாகமுலாம் பூசிய குழாய்களும் தகடுகளும் இவ்வாறே ஏமாற்றுவன. நாகம் 907 பாகையிற் கொதித்து வெண்புகையாகும். அதனை உட்கொண்டவனுக்கு அன்றிரவே நடுக்கமும் காய்ச்சலும் காணும். முலாமை அராவி அகற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலைசெய்தலே வழி. மின்வில்லின் ஊதாக்கடந்த கதிரும் உடனே வலியைத் தருவதில்லை. சில மணிநேரங் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். உதவிக்கு நிற்கும் சிறுவனின் கண்ணுக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பது பல இடங்களில் மறக்கப்படுகின்றது.

கைமாறிய தளமும் கைமாறவேண்டிய அறிவும்

1957 ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது பெருநாள். கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்தோருக்கோ அது பிழைப்பைப் பற்றிய வினாவையும் உடன்கொணர்ந்த நாள். பெருந்தளத்திற் பயிலுநனுக்கு வழங்கப்படும் அறிவில் விதியும் காரணமும் சேர்ந்திருந்தன. சிறு பட்டறையை வந்தடையும்போது விதி மட்டும் எஞ்சுதல் இயல்பு. ஏனெனில் காரணங்கள் ஆங்கில ஏடுகளில் இருந்தன.

2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின்படி சீனன்குடாவின் 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனமொன்றினூடாக மேம்படுத்த முடிவாகியது. பழைய உருக்கைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பயின்ற கைகள் வேண்டும். அக்கைகள் இம்மண்ணினின்றும் எழுமா, வெளியிலிருந்து வருமா என்பது தொழிற்கல்வியை மட்டுமன்றி மொழியையும் பொறுத்தது. பற்றாசு, வெண்காரம், தறையாணி, துருத்தி என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும் உள்ளன. ‘வெல்டிங்’ என்ற வழக்குச் சொல்லையும் தள்ளவேண்டியதில்லை. குறைவது சொல்லன்று, காரணத்தை விளக்கும் தமிழ் நூலே.

பல்கலைக்கழகத்திற் கலை பயில்வோருக்கு உலைக்களம் அயலான இடமாகத் தோன்றலாம். ஆயின் தொழிலின் வரலாற்றை எழுதுவதும் வரலாற்றுத்துறையின் கடனே. வயது முதிர்ந்த பட்டறையாளரிடம் எஞ்சியுள்ள விதிகளைக் கேட்டுத் தொகுத்தல், அவற்றின் காரணங்களை விஞ்ஞானபீடத்தாரின் துணையோடு ஆராய்தல், பயிலுநன் வாசிக்கத்தக்க எளிய தமிழில் அச்சிடல் ஆகிய மூன்றும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்குள் அடங்குவனவே. அவ்வாறு ஒரு சிறுநூல் வெளிவருமாயின், எங்கோ ஒரு பட்டறையில் ஒருவன் வெற்றுப் பீப்பாவின் முன் நெருப்போடு நிற்கும்போது அதனை ஒரு கணம் தள்ளிவைப்பான்.