லுனுகங்கா: தோட்டத்திலிருந்து பிறந்த வீடு

லுனுகங்கா என்பது இலங்கையின் தென்மேற்குக் கரையோரம், பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரியை ஒட்டி அமைந்துள்ள ஒரு வீடும் தோட்டமும் ஆகும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919 – 2003) தம் சொந்த இல்லமாக இதனை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உருவாக்கிக்கொண்டே இருந்தார். சிங்களத்தில் இப்பெயருக்கு 'உப்பு ஆறு' என்று பொருள்.

பாவா முதலில் வழக்கறிஞர். இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் வீடு வாங்க முயன்று, அது கைகூடாமல் நாடு திரும்பினார். 1948இல் இந்த நிலத்தை வாங்கியபோது இது ஒரு ரப்பர் தோட்டம். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கறுவா பயிரிடப்பட்டது. தோட்டத்தை மாற்றியமைக்கத் தொடங்கியவர், மனத்தில் இருப்பதைக் கட்டுவதற்கான தொழிலறிவு தமக்கில்லை என்று கண்டார். எனவே கொழும்பில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, பின் லண்டனில் பயின்று, 1957இல் தம் 38ஆம் வயதில் தகுதி பெற்றார். கட்டடக் கலைஞர் தோட்டம் போடுவதுதான் வழக்கம். இங்கே தோட்டமே ஒருவரைக் கட்டடக் கலைஞர் ஆக்கியது.

அவர் பழைய பங்களாவை இடிக்கவில்லை. அதன் வாசலை வேறு பக்கத்துக்கு மாற்றி, வீட்டை ஏரியை நோக்கித் திருப்பினார். தெற்கே உள்ள கறுவாக் குன்று பார்வையை மறைத்தது. குன்றின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார். அதற்கப்பால் ஏரியும், தொலைவில் ஒரு பௌத்த விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் தெரிந்தன. தம்முடையதல்லாத தாதுகோபத்தையும் தம் தோட்டத்தின் எல்லையாக்கிக்கொண்ட துணிச்சல் இது! வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே செல்லும் பாதை பள்ளத்தில் இருப்பதால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி தொடர்ச்சியாகவே தோன்றும். வீட்டருகே நின்ற அரலி மரத்தின் கிளைகளில் (தமிழ்நாட்டில் இதைப் பெருங்கள்ளி என்பர்) கனமான பொருள்களைத் தொங்கவிட்டு, அவை பக்கவாட்டில் படர்ந்து வளரும்படி செய்தார். கிளையும் அவருக்குக் கூரையின் சட்டம் போன்றதுதான்.

இயற்கையாக இருக்கிறதே என்று வருவோர் வியப்பர். உண்மையில் இதில் தற்செயலாக அமைந்தது மிகக் குறைவு. மழை மிகுந்த இப்பகுதியில் சில மாதங்கள் கத்தி படாவிட்டால் காடு மூடிவிடும். ஆகவே நாள்தோறும் வெட்டி, பெருக்கி, களை பறித்த தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதன் புகழில் பங்குண்டு. அவர்கள் பெயர்களைக் கட்டடக்கலை நூல்கள் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

1998இல் பக்கவாதம் தாக்கி, பாவா பேச்சை இழந்தார். 2003இல் மறைந்த அவரது உடல் கறுவாக் குன்றிலேயே எரியூட்டப்பட்டது. இப்போது ஓர் அறக்கட்டளை இவ்விடத்தைப் பராமரிக்கிறது.

பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா கட்டிய முற்றத்து வீடும் இப்போது இங்குதான் உள்ளது. நகர நிலத்தில் அவ்வீட்டுக்கு இடமில்லாமல் போனபோது, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து வந்து லுனுகங்காவில் மீண்டும் எழுப்பினார்கள்.