வீங்கிய காலும் வீங்காத காலும்

காஞ்சிபுரத்தில் நான் வளர்ந்த தெருவில் பட்டு நெய்யும் தாத்தா ஒருவர் இருந்தார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. எழுந்து வந்தால்தான் அந்த வலது கால் தெரியும். யானைக்கால். "அவர் உட்கார்ந்த திண்ணையில உட்காராதே, ஒட்டிக்கும்"னு வீட்டில் சொல்வாங்க. நாங்களும் ஒதுங்கித்தான் போனோம்.

இந்த நோயின் வரலாற்றைப் படித்தபோதுதான், நாங்கள் தப்பான ஆளைப் பார்த்துப் பயந்தோம்னு புரிந்தது.

1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நெளியும் குட்டிப் புழுக்களைப் பார்த்தார். 1877-ல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடம்பில் வளர்வதைக் கண்டார். குட்டிகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் திரிகின்றன என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். யானைக்கால் பரிசோதனைக்கு ராத்திரியில் ரத்தம் எடுப்பது அதனால்தான்.

சரி, பெரிய புழு நிணநீர்க் குழாயில் வருஷக்கணக்கில் குடியிருக்கிறதே, நம் எதிர்ப்பு மண்டலம் ஏன் சும்மா இருக்கிறது?

சும்மா இல்லை. புழு வந்தால் ஈசினோஃபில் அணுக்கள் பெருகும், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் கூடும். ஆனால் புழு இந்தச் சண்டையைத் தணிக்கத் தெரிந்தது. எதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 சுரக்கிறது. ஐஜிஇ-யின் வேலையைத் தடுக்கும் ஐஜிஜி4 ஏறுகிறது. இப்படிச் சமாதானமான உடம்பில் வெளியே வீக்கமே இருக்காது. ரத்தத்தில் மட்டும் குட்டிகள் நீந்தும்.

சமாதானத்துக்கு ஒப்பாத உடம்பு வேறு மாதிரி. அங்கே குட்டிகள் அழிகின்றன. ஆனால் அந்தச் சண்டையின் அழற்சியிலேயே நிணநீர்க் குழாய் கெடுகிறது. தோல் வெடிப்பு வழியே பாக்டீரியாவும் புகுந்து கால் பெருக்கிறது. அதனால்தான் யானைக்கால் முற்றியவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் குட்டிகளே இருப்பதில்லை.

அப்படியென்றால் தாத்தாவைக் கடித்த கொசு பெரும்பாலும் வெறுங்கையோடுதான் போயிருக்கும். ஊருக்குப் பரப்பியது, நல்ல காலோடு நடமாடிய எங்களில் யாரோ.

2004-லிருந்து நோய் உள்ள மாவட்டங்களில் எல்லோருக்கும் டிஇசி மாத்திரை கொடுத்ததற்குக் காரணமும் இதுதான். "என் கால் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு?" என்று கேட்டவர்தான் முதலில் விழுங்கியிருக்க வேண்டும்.

அந்தத் திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கலாம்.