சட்டம் போட்டு நிறுத்திய மேளம்

1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் ஏந்தினார்கள். மேளம் அடித்தபடியே சாலையில் நடந்தார்கள். வழியெங்கும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டே பண்ணை முதலாளிகள் கொண்டுவந்த அடிமைச் சட்டத்தில் இரண்டு தடைகளைக் கவனியுங்கள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு தண்டம். அடிமை மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது. மேளம் வெறும் கேளிக்கை என்று எஜமானர்கள் ஒருபோதும் நினைக்கவில்லை.

கருவி போயிற்று. கை தட்டி, தொடையில் அடித்து, தரையை உதைத்து உடம்பையே மேளமாக்கிக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுகளில் தோல் மேளம் ஒலித்தது. ஜாஸ் அந்த ஊரில் பிறந்தது தற்செயலா என்ன!

1947இல் ஹவானாவின் சானோ போசோ தன் கொங்கா மேளங்களோடு டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் கதவு திறந்துவிட்டது.

1960 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். சில மாதங்களில் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் ‘வி இன்சிஸ்ட்!’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அட்டைப்படத்தில், உணவகத்தில் உட்கார்ந்து உரிமை கேட்கும் கறுப்பு இளைஞர்கள். நைஜீரியாவின் ஒலாதுன்ஜி மேளத்தோடு வந்தார். அவர் நாட்டின் விடுதலைக்கு ஒரு மாதமே இருந்தது. ஒரு பாட்டில் ஆபி லிங்கன் ஆப்பிரிக்க இனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறார். விடுதலை பற்றி அந்தந்த இனத்தார் சொல்வதை ஒலாதுன்ஜி யொரூபா மொழியில் பதிலாகச் சொல்கிறார். ஜோகன்னஸ்பர்க்கின் பெயரால் அமைந்த கடைசிப் பாட்டில் சொற்களே கிடையாது. ஐந்தடித் தாளம் சுழல, லிங்கனின் குரல் மட்டும் அழுகிறது. கேட்டுப் பாருங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ராண்டி வெஸ்டன் ‘உஹுரு ஆஃப்ரிகா’வைப் பதிவு செய்தார். உஹுரு என்றால் சுவாகிலியில் விடுதலை. வரிகள் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதியவை. தொடக்கத்தில் தங்கானிக்காவைச் சேர்ந்த ஒருவர் சுவாகிலியில் பேசுகிறார். ஆப்பிரிக்க, கியூப மேளங்களோடு பெரிய ஜாஸ் குழு ஒன்று நிற்கிறது.

இதற்கெல்லாம் ‘கலப்பு இசை’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பறிக்கப்பட்டதை வாங்கிக்கொள்வது எப்படிக் கலப்பாகும்?

இரண்டு இசைத்தட்டுகளையும் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு தடை செய்தது.