மரச்சட்டம் பழசு, தண்டவாளம் புதுசு

டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கென்னடி சுடப்பட்ட இடம், ஒரு கோயில், ஒரு அவுட்லெட் மால், கடைசியாக ஆர்லிங்டனில் இருக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்கா. 1961-ல் திறந்த பூங்கா அது. உள்ளே போவதற்கு முன்பே கண்ணில் படுவது, கட்டடம் கட்டச் சாரம் போட்டதுபோல உயர்ந்து நிற்கும் ஒரு மரச்சட்டம். 'நியூ டெக்சாஸ் ஜயன்ட்' என்ற ரோலர் கோஸ்டர்.

கீழே நின்று பார்த்தால் முழுக்க மரம்தான். ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் அதை 'ஸ்டீல்' வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று தேடப் போய்க் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். அதனால் கணக்கு வாடை கொஞ்சம் தூக்கலாக அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் பழைய கதை. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் 1827-ல் நிலக்கரி இறக்க ஒரு தடம் போட்டார்கள். மலையிலிருந்து வண்டி தன் பாரத்திலேயே கீழே ஓடி வரும். காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். பிற்காலத்தில் ஜனங்கள் காசு கொடுத்து அதில் சவாரி போக ஆரம்பித்தார்கள். 1884-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் லமார்கஸ் தாம்சன் என்பவர் வேடிக்கைக்காகவே ஒரு மரத்தடம் கட்டினார். வேகம் மணிக்கு 6 மைல், கட்டணம் 5 சென்ட். நம்ம ஊர்த் திருவிழா ராட்டினம் அதைவிட வேகமாகச் சுற்றும்.

அடுத்த பெரிய மாற்றம் ஜான் மில்லர் என்பவர் செய்தது. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் சக்கரம் போக, அடியிலும் ஒரு சக்கரம் வைத்து வண்டி மேலே எகிறிப் போகாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1919-ல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் செங்குத்தான சரிவெல்லாம் சாத்தியமானது.

மர ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் எப்படி இருக்கும்? பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்குவார்கள். சக்கரம் படும் இடத்தில் மட்டும் ஒரு தட்டையான இரும்புப் பட்டை. அவ்வளவுதான். இந்த அடுக்கைத் தாங்குவது கீழே நிற்கும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும்.

மரம் சும்மா இருக்காது என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் கதவு இறுகும், வெயில் காலத்தில் இளகும். அதன் மேல் டன் கணக்கில் எடையுள்ள வண்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை இடித்துக்கொண்டு ஓடினால்? பள்ளத்தில் இறங்கி ஏறும் இடங்களில்தான் அடி அதிகம். பலகை நசுங்கும், ஆணி தளரும், தடம் சற்றே விலகும். விலகினால் வண்டி இன்னும் அதிகமாக இடிக்கும், இடித்தால் இன்னும் விலகும். வட்டிக்கு வட்டி போடுவதுபோல. அதனால்தான் ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன் ஆட்கள் தடம் நெடுக நடந்து பார்த்து, தளர்ந்ததை இறுக்கி, நைந்த பலகையை மாற்றுவார்கள்.

இனி டெக்சாஸ் ஜயன்ட். வடிவமைத்தவர் கர்டிஸ் சம்மர்ஸ், கட்டியது டின் கார்ப்பரேஷன். 1990 மார்ச்சில் திறந்தபோது 143 அடி உயரம், 4,920 அடி நீளம், மணிக்கு 62 மைல் வேகம். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான மர ரோலர் கோஸ்டர். 1998, 1999 இரண்டு வருடமும் அந்தத் துறைப் பத்திரிகை ஒன்று நடத்திய வாக்கெடுப்பில் சிறந்த மர ரோலர் கோஸ்டர் என்று முதலிடம். பத்து வருடம் கழித்து அதே ஜயன்ட், ஏறினால் இடுப்பு போய்விடும் என்று பெயர் எடுத்திருந்தது.

இங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. 2009 ஜூனில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கம்பெனி ஏறத்தாழ 240 கோடி டாலர் கடனுடன் சாப்டர் 11 திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே வருடம் நவம்பர் 1-ம் தேதி டெக்சாஸ் ஜயன்ட்டை மூடினார்கள். கடனில் மூழ்கிய கம்பெனி, ஓடாத பழைய மரச்சட்டம். என்னிடம் அந்தக் கடன் கோப்பு வந்திருந்தால் "பிரித்து விற்றுவிடுங்கள்" என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. 1 கோடி டாலர் செலவழித்து அதையே மாற்றிக் கட்டினார்கள்.

கணக்குப்படி பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான்: இருந்த நிலையிலேயே வைத்திருக்கச் செய்வது வருவாய்ச் செலவு, ஆயுளையும் சம்பாத்தியத்தையும் கூட்டச் செய்வது மூலதனச் செலவு. பலகை மாற்றுவது முதல் வகை. எத்தனை வருடம் மாற்றினாலும் அடுத்த வருடமும் மாற்ற வேண்டும். அஸ்திவாரம், தூண், இடம் எல்லாம் கையில் இருக்கிறது. தினசரி அடி வாங்குவது மேலே இருக்கும் ஒரே ஒரு பகுதி. அதை மட்டும் தேயாத பொருளில் போட்டுவிட்டால்?

வேலையை எடுத்தது ஐடஹோ மாநிலத்தின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன். ஃபிரெட் கிரப் என்பவர் 2001-ல் ஆரம்பித்த கம்பெனி. வடிவமைப்பாளர் ஆலன் ஷில்கேயுடன் சேர்ந்து அவர்கள் கொண்டுவந்ததுதான் 'ஐ-பாக்ஸ்' தண்டவாளம். இரும்புத் தகடுகளை வெட்டி, ஆங்கில 'ஐ' எழுத்து வடிவில் பற்றவைத்த தடம். மர அடுக்கு இருந்த இடத்தில் இது உட்காரும். கீழே மரச்சட்டத்தில் நல்லதை அப்படியே விட்டு, வேண்டிய இடத்தில் வலுப்படுத்தினார்கள். வண்டிகளும் புதிது. ஜெர்மனியின் கெர்ஸ்ட்லாயர் கம்பெனி செய்தவை. பூங்கா திறந்த 1961-ம் வருடத்துக் காடிலாக் கார் மாதிரி முகப்பு, முன்னால் டெக்சாஸ் மாட்டுக் கொம்பு. ராமராஜன் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

2011 ஏப்ரல் 22-ல் திறந்தபோது உயரம் 153 அடி, வேகம் 65 மைல், நீளம் குறைந்து 4,200 அடி. முதல் சரிவு 79 டிகிரி, வளைவில் தடம் 95 டிகிரி வரை சாய்கிறது. செங்குத்தையும் தாண்டிய சாய்வு. பலகை அடுக்கில் இப்படியெல்லாம் வளைப்பது எளிதான காரியமில்லை. கம்பெனியும் 2010 மே மாதமே திவாலிலிருந்து வெளியே வந்திருந்தது.

ஆனால் கதை 'சுபம்' போட்டு முடியவில்லை. 2013 ஜூலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஒரு பெண் கீழே விழுந்து இறந்துபோனார். தண்டவாளத்தில் பழுது இல்லை. கேள்வி எழுந்தது ஆளைப் பிடித்துவைக்கும் மடித்தண்டைப் பற்றி. அதைத் திருத்தி, சீட் பெல்ட்டும் சேர்த்து, செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். ஓட்டம் மாறும்போது, ஏறி உட்காரும் ஆளைப் பிடித்துவைக்கும் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். இதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

டெக்சாஸில் நடந்தது பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. சான் அன்டோனியோவில் 2013-ல், கலிஃபோர்னியா 'கொலோசஸ்' 2015-ல், ஒஹாயோ சீடர் பாயின்ட்டின் 'மீன் ஸ்ட்ரீக்' 2018-ல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்ற பெயரில், ஜப்பான் நாகஷிமாவின் 'ஒயிட் சைக்ளோன்' 2019-ல், ஃப்ளோரிடாவின் 'குவாசி' 2022-ல். இதில் மீன் ஸ்ட்ரீக்கைக் கட்டியதும் ஜயன்ட்டைக் கட்டிய அதே டின் கார்ப்பரேஷன்தான்.

எல்லோருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. மரத்தடத்தின் கடகட சத்தம், ஆட்டம், மதியத்தில் ஒரு மாதிரி இரவில் வேறு மாதிரி ஓடும் குணம், எல்லாம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. தினமும் தடத்தில் நடந்து சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தச்சர்களின் கைப்பழக்கமும் கூடவே குறைகிறது. அந்த வருத்தம் நியாயமானது. கோனி ஐலண்டில் 1927-ல் கட்டிய 'சைக்ளோன்' 1988-ல் நியூயார்க் நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது இன்றும் மரத்தடத்தில்தான் ஓடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கோனி ஐலண்ட் சைக்ளோனின் தூண்கள் இரும்பு, தடம் மரம். அதை மர ரோலர் கோஸ்டர் என்கிறார்கள். ஜயன்ட்டின் தூண்கள் மரம், தடம் இரும்பு. அதை ஸ்டீல் என்கிறார்கள். எதன் மேல் ஓடுகிறதோ அதை வைத்துத்தான் பெயர். எதன் மேல் நிற்கிறது என்பது கணக்கில் இல்லை.

பாறசாலைக்காரனுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவில் நின்றது. களியக்காவிளைக்கு அந்தப்புறம் இருந்தால் தமிழ்நாடு, இந்தப்புறம் நாங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். படித்த தடத்தை வைத்து இங்கே டெக்சாஸிலும் என்னை "மலையாளியா?" என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. இங்கே பிறந்து ஆங்கிலத் தடத்தில் ஓடும் நம்ம பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி வரும். தூண் எது என்று வீட்டில் தெரிந்திருந்தால் போதும்.

இதையெல்லாம் தேட வைத்தது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். பாறசாலைப் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அயினி மரத்தூண், அயினி உத்திரம். மூன்று வருடமாக ஒழுகுகிறது. ஒவ்வொரு வருடமும் ஓடு மாற்ற நான் பணம் அனுப்புகிறேன், அடுத்த மழையில் வேறு இடத்தில் ஒழுகுகிறது. போன வருடக் கடைசியில் அண்ணன் போனில், "இனி இதுக்கு செலவாக்காண்டாம்டே, இடிச்சிட்டு வார்ப்பு வீடு போட்டிருவோம்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அது சம்மதம் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். தூணும் உத்திரமும் கல் மாதிரி இருக்கிறது, ஓட்டைத் தாங்கும் கழுக்கோலும் பட்டியலும்தான் கரையான் அரித்துப் போய்விட்டது என்று அவர் சொன்னார். இப்போது எங்கள் பக்கம் பலர் செய்வதுபோல, கழுக்கோலுக்குப் பதில் ஜி.ஐ. பைப்பில் சட்டம் அடித்து, அதே பழைய ஓட்டைக் கழுவி மேலே வைத்துவிடலாம். வார்ப்பு வீட்டுக்கு ஆகும் தொகையில் பாதிகூட வராது. "அப்போ இனி இது மரவீடு இல்லையே" என்றார் அண்ணன். இல்லைதான். கீழே படுத்து மேலே பார்த்தால் இனி பைப்தான் தெரியும், அயினி மரம் தெரியாது. அந்த நஷ்டத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தா நிறுத்திய தூண்கள் நிற்கும், அம்மா அதே திண்ணையில் உட்காரலாம்.

தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையை மாதிரி மரத்தை மரமாகவே காப்பாற்றுவதும் ஒரு வழி. அதற்குக் கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது, வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குடியிருக்கிற வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கும் அந்த வசதி கிடையாது. தினமும் பாரம் தாங்க வேண்டும்.

போன வாரம் அண்ணன் சரி என்றார். இடவப்பாதி மழைக்கு முன்னால் கூரையை முடிக்க வேண்டும். நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: புது இரும்பு பழைய உத்திரத்தில் உட்காரும் இடம் ஒவ்வொன்றையும், வேலை முடிந்த பிறகு ஒரு இஞ்சினியர் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். 2013-ஐப் படித்த பிறகு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஊரில் பழைய வீட்டை வைத்துக்கொண்டு இடிப்பதா வைப்பதா என்று போனில் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய என்று தெரியும். ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு, எது நல்லது எது போச்சு என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். யாராவது ஜி.ஐ. பைப்பில் ஓடு போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால், துரு எப்படி என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.