முதியோர் இல்லமும் முதியோர் பணியும்

பெங்களூர் ஓசூர்ச் சாலையில் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கன்னியர் சபையார் 1900-ஆம் ஆண்டில் முதியோர் இல்லம் ஒன்றை நிறுவினர். கொள்ளைநோய் இந்நகரைச் சூறையாடிய 1898-ஆம் ஆண்டு கழிந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. தண்டுப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர் பலர், பெற்றோர் நினைவு நாளிலும் பிள்ளைகளின் பிறந்த நாளிலும் முதியோர் இல்லங்களுக்குச் சென்று உணவளித்து வருவதை அன்பர்கள் அறிவர். அது நற்செயலே. ஆனால் உண்ட பின்னர் எஞ்சிய பகற்பொழுதை அம்முதியோர் எவ்வாறு கழிக்கின்றனர்? இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அச்சபையைத் தோற்றுவித்தவர் பிரெஞ்சு நாட்டு மாது ஜான் ஜூகான். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண்ணிழந்த ஏழை மூதாட்டி ஒருவரைத் தம் இல்லத்திற்குக் கொணர்ந்து, தம் படுக்கையையே அவருக்கு ஈந்தார். பின்னர் வந்து சேர்ந்தோருட் பலர் தெருவில் இரந்துண்டவர்கள். அவர்கள் இனி இரத்தலாகாது என்று தாமே கூடையேந்திப் புறப்பட்டார் அவ்வம்மையார். இல்லத்திலோ, இயன்ற மூதாட்டியர் நூல் நூற்றனர். நூற்ற நூல் சிறிதளவே பணமாயிற்று. எனினும், பிறர் கையை எதிர்பார்த்திருந்த கைகள் இல்லத்தின் செலவிற்குத் தாமும் ஏதோ ஈந்தன. இதனை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த வறியோர் விடுதிகளில் உடல் வலியுடையோர்க்குக் கல்லுடைத்தலும் பழங்கயிறு பிரித்தலும் பணியாயின. முதியோரும் நோயுற்றோரும் விசுப்பலகைகளில் வரிசையாக அமர்ந்து சுவரை நோக்கியிருந்தனர். கடும்பணி அல்லது வெறுமை. இடைப்பட்டது எதுவும் இல்லை. 1882-இல் பிரபசான் சீமாட்டி என்பார் ஒரு வழி கண்டார். ஊசி, நூல், கம்பளி முதலிய பொருள்களை முதலில் தம் செலவிலேயே வாங்கித் தந்து, பின்னல், பூத்தையல் போன்ற கைவேலைகளைத் தளர்ந்தோர்க்குக் கற்பிக்கச் செய்தார். செய்த பொருள்களை விற்று, அப்பணத்தால் மேலும் நூல் வாங்கினர். திட்டம் தன் காலிலேயே நின்று பல விடுதிகளுக்கும் பரவிற்று.

அதனினும் சிறியதொரு மாற்றத்தைச் சொல்லுதல் வேண்டும். 1894-இல் அவ்விடுதிகளின் பெண்டிர்க்குத் தேயிலையும் சர்க்கரையும் பாலும் தனித்தனியே தரலாம் என விதி பிறந்தது; தத்தம் தேநீரைத் தாமே கலந்துகொள்ளலாம்! ஓர் அரசாங்கம் இதற்கும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்ததே என்று நகைப்போர் நகைக்கட்டும். காலமெல்லாம் அடுப்படியை ஆண்ட மூதாட்டிக்குத் தன் கையால் ஒரு குவளை தேநீர் கலந்து குடிப்பது அற்பமன்று.

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூல் அறிஞர் இருவர் நிகழ்த்திய ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தோர்க்கு, ‘விரும்பிய செடியைத் தெரிந்தெடுத்து நீங்களே வளருங்கள், திரைப்படம் பார்க்கும் நாளையும் நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்றனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி தந்தனர். ஆனால் நீர் ஊற்றுவது தாதியர், படம் பார்க்கும் நாளைக் குறிப்பது நிர்வாகம். மூன்று வாரம் சென்று பார்க்க, முன்னவரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் மிகுந்திருந்தன. செடி இரு சாராருக்கும் உண்டு. உரிமைதான் ஒரு சாராரிடம் இல்லை.

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் ஏழை முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கு வசதியையும் அது சேர்த்தே குறிப்பிடுகிறது. பொழுதுபோக்கு என்றதும் பலரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி மாட்டிவிடுகின்றனர். சற்றே முயல்வோர் காலை முதல் மாலை வரை அட்டவணை ஒன்று எழுதி ஒட்டுகின்றனர். ரயில்வேக் குமாஸ்தாவாகிய நமக்கு அட்டவணையின்மீது வெறுப்பு ஏது? ஆனால் அட்டவணை வண்டிக்கே உரியது. எவ்வண்டியில் ஏறுவது, ஏறாமலே இருப்பது என்பது பயணியின் விருப்பம். சும்மா அமர்ந்திருக்க விரும்பும் முதியவரைப் பஜனைக்கு இழுத்துச் செல்வதும் ஒருவகைக் கொடுமையே.

பெங்களூர்த் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட கவலையொன்று உண்டு. மறதி நோயுற்ற முதியோருட் சிலர், பின்னாளிற் கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுகின்றனர். நாற்பதாண்டுகள் கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய ஒருவர், தம்மைச் சூழ்ந்தோர்க்கு விளங்காத தமிழில் தண்ணீர் கேட்கும் நாள் வரக்கூடும். அவரிடம் தமிழில் பேசவும், பல்லாங்குழியோ தாயமோ ஆட உடன் அமரவும், நாளிதழை உரக்கப் படிக்கவும் வாரம் ஒருவர் சென்றால் செலவொன்றும் இல்லை.

சங்கத்தார்க்கு நம் விண்ணப்பம் ஒன்று. அடுத்த ஆண்டு விழா மேடைக்குரிய மாலைகளைக் கட்டித் தர இயலுமா என்று ஓர் இல்லத்து மூதாட்டியரைக் கேட்டுப் பார்ப்போம். இயலாது என்றால் விட்டுவிடலாம். இயலுமெனில், பூவும் நாரும் முதல்நாள் மாலையே நாம் கொண்டு சேர்ப்போம். முழத்திற்கு என்ன கூலி என்பதை அவர்களே சொல்லட்டும்.